பலவேசத்துக்குத் திறந்த கண்

உப்புக்கு நடுவில் ஓர் ஊர் இருக்கிறது, நம்பாதவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் உப்பளம். வெயில் ஏறிவிட்டால் தரை எது வானம் எது என்று பிரிக்க முடியாதபடி வெள்ளை அடிக்கும், அந்த வெள்ளையில் பிறந்து அந்த வெள்ளையிலேயே வேலை பார்த்துச் சாகிற சனங்களுக்குக் கண் எப்போதும் சுருங்கியேதான் இருக்கும், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் சிரிக்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் எந்தப் போட்டோவிலும் கண் திறந்து இருந்ததில்லை. ரேஷன் கார்டில் இல்லை, ஓட்டு அட்டையில் இல்லை, கல்யாண ஆல்பத்திலும் இல்லை. மாப்பிள்ளை தூங்குவார், பொண்ணு தூங்கும், தாலி மட்டும் முழித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் செத்தவர்களுக்குக் கண் திறந்தாக வேண்டும், அது அந்த ஊர் முறை. பதினாறாம் நாள் விசேஷத்தில் மாட்டுகிற படத்தில் கண் மூடியிருந்தால், போனவர் வீட்டைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார் என்று பேச்சாகிவிடும். இதற்கு பஜாரில் மின்னல் ஸ்டூடியோ வைத்திருந்த தாவீது அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். வெளியூரில் படித்த வயசில் எடுத்த தன் படத்திலிருந்து இரண்டு கண்களையும் வெட்டிக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார். யார் செத்தாலும் அதை எடுத்து ஒட்டி, முகத்தை மாவு பூசினதுபோல வழவழவென்று தேய்த்து, பின்னால் ஓர் அருவியை இறக்கிக் கொடுத்துவிடுவார். ஆக, அந்த ஊர்ச் சுவர்களில் தொங்கிய ஆண், பெண், கிழவன், கிழவி அத்தனை பேரும் தாவீது அண்ணாச்சியின் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் யாரும் அதை நம்பவில்லை.

அந்த ஸ்டூடியோவில் பிரிஸ்கா வேலைக்குச் சேர்ந்தாள். அதிகம் பேசாத பிள்ளை, பேசினாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, போட்டோவில் கை வைத்ததே தெரியாமல் கை வைக்கிற வேலையை அவள் தானாகப் படித்துக்கொண்டிருந்தாள். தோல் என்பது ஒரே நிறம் இல்லை, நெற்றி மஞ்சள், கன்னம் சிவப்பு, தாடைக்குக் கீழே லேசான பச்சை என்று கண்டுகொண்டாள். பருவை எடுக்கலாம், மச்சத்தை எடுக்கக் கூடாது. ஏனென்றால் பரு அடுத்த வாரம் போய்விடும், மச்சம் ஆளோடு வரும். ஓர் இடத்தை மூட வேண்டுமானால் பக்கத்துத் தோலிலிருந்தே துளி எடுத்து, மயிர்க்கால் குழி கலையாமல் மூட வேண்டும். எல்லாம் செய்து முடித்ததும் செய்ததைப் பாதியாகக் குறைக்க வேண்டும், குறைத்துவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து, யாரோ ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். இப்படியெல்லாம் செய்து அவள் கொடுத்த படங்களை ஊர் அவள் முகத்திலேயே திருப்பி எறிந்தது.

“ஏட்டி, எம் மவளுக்குக் கலரு எங்க? சடங்கு வீட்டு போர்டுல கருகருன்னு நிக்கா. தாவீது அண்ணாச்சின்னா பால்கோவா மாதிரி ஆக்கிக் குடுப்பாருல்லா!”

“அது அவதானக்கா.”

“அவதான்னு எனக்குத் தெரியாதா? தெரியாம இருக்கத்தானட்டி ஒங்கிட்டக் குடுத்தேன்!”

தாவீது அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு, “மக்கா, இவங்களுக்கு மாவு போதும். நீ எதுக்குத் தோலைத் தேடுத?” என்பார். பிரிஸ்கா மாவைப் பூசிக் கொடுப்பாள், ஆள் போனதும் மறுபடி தன் வேலையைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கையில் உப்பளத்து பலவேசம் செத்துப்போனார். அவர் பெண்டாட்டி உச்சிமாகாளி ஒரு மஞ்சப்பை நிறையப் படங்களோடு ஸ்டூடியோவுக்கு வந்து மேசையில் கொட்டினாள். எல்லாவற்றிலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்.

“அண்ணாச்சி கண்ணு எனக்கு வேண்டாம்” என்றாள். “எதிர்த்த வீட்டுச் செத்த கெழவிக்கும் அதே கண்ணு. ஆயுசுக்கும் என்கூடச் சண்டை பிடிச்ச சிறுக்கி. அவ கண்ண வச்சு எம் புருஷன் என்னையப் பாக்கக் கூடாது. புதுக் கண்ணு போடு.”

பிரிஸ்கா கம்ப்யூட்டரில் இருந்த முகங்களையெல்லாம் புரட்டினாள். ஒரு முகத்தில் கை நின்றது. பலவேசத்தின் கூடப்பிறந்த தம்பி ஐகோர்ட்துரை. கல்யாணம் காட்சி இல்லாமல் பஜாரில் கயிறும் சாக்கும் விற்கிறவர், நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறவர் என்பதால் லைசென்ஸுக்கு எடுத்த படத்தில் அவர் கண் நன்றாகத் திறந்திருந்தது. அண்ணன் தம்பிக்குள் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த கிணற்றை இருவரும் விட்டுக்கொடுக்காததால், கிணற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதி வட்டத்தில் வாளி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாளிகள் அடியில் முட்டிக்கொண்டால் மேலே இரண்டு பேரும் காறித் துப்புவார்கள். அண்ணன் செத்த அன்றைக்குத் தம்பி கடையை மூடவில்லை. பாடை பஜார் வழியாகப் போனபோது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கயிறு அளந்துகொண்டிருந்தார்.

ஆனால் பிரிஸ்கா பகையைப் பார்க்கவில்லை, இமையைப் பார்த்தாள். ஒரே வயிற்றில் வந்த இமை. அந்தக் கண்களை எடுத்தாள். கண்ணின் வெள்ளையை வெள்ளையாக விடாமல் கொஞ்சம் சாம்பலாக்கினாள், ஓரத்தில் சிவப்பு நரம்பை விட்டுவைத்தாள், மேல் இமையின் நிழலை விழியின் மேல் விழச் செய்தாள், கருவிழியில் மின்னுகிற வெளிச்சப் புள்ளியை, உப்பளத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து பலவேசத்தின் மேல் விழுந்ததோ அந்தப் பக்கமாகவே நகர்த்தினாள். பிறகு எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிட்டு, வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். திரையில் பலவேசம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிமாகாளி படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். “இவ்வளவு பெரிய கண்ணா இந்த மனுசனுக்கு!” என்றாள். “இத்தன வருசமும் எங்கிட்டக் காட்டாமயே வச்சிருந்துட்டாரு.” படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். யார் கண் என்று அவளும் கேட்கவில்லை, பிரிஸ்காவும் சொல்லவில்லை.

படம் சுவரில் ஏறி மாலை விழுந்த நேரத்தில், பஜாரில் ஐகோர்ட்துரை சாக்குக் கட்டின் மேல் சாய்ந்து கண்ணை மூடினார். மூடியதும் எதிரே அண்ணன் வீட்டு ஹால் தெரிந்தது. திறந்தார், பஜார். மூடினார், ஹால், பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிற சொந்தக்காரர்கள், எல்லாம் கொஞ்சம் உயரத்திலிருந்து, இரண்டு பக்கமும் மாலைப் பூ மறைக்க. அவர் அதிசயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார். ஜென்மத்துக்கும் அந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன மனுசனை இமையே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டது. அன்றிலிருந்து அவரால் தூங்க முடியவில்லை. படத்தில் இருக்கிற கண் இமைக்காது, மூடாது. தன் கண்ணை மூடினால் அந்தக் கண் திறந்துகொள்ளும், பிறகு எங்கே தூங்குவது?

ஒரு காலையில் அவர் தன் வீட்டில் கண்ணை மூடிப் படுத்துத் தூக்கத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கும்போது, மைனி உச்சிமாகாளி வீட்டு அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறுவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பகை ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். கடைசியில் தாங்காமல் எழுந்து ஓடிக் கிணற்றுச் சுவரோரம் நின்று கத்தினார்:

“பால் பொங்குது மைனி! பொங்குது! அடுப்ப அமத்து!”

அத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தச் சுவரைத் தாண்டி வந்த முதல் பேச்சு அது. உச்சிமாகாளி அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாக ஹாலுக்கு வந்து, அடுப்படி எங்கிருந்து தெரியும் என்று பார்த்தாள். படத்திலிருந்துதான் தெரியும். படத்துக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டினாள்.

“நாக்க உள்ள இழு!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

அவள் நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தாள். “ஏட்டி ஊமை, அது எவன் கண்ணு?”

பிரிஸ்கா சொன்னாள்.

பஜாரே கூடிவிட்டது, கிழவி இப்போது கம்ப்யூட்டரை உடைப்பாள் என்று. உச்சிமாகாளி சேலையை உதறிக்கொண்டாள். “இருக்கட்டும்” என்றாள். “சாவுக்கு வராத சவம், இனி நித்தம் வந்து நிக்கட்டும். கை வைக்காத அதுல.”

விஷயம் ஊருக்குள் போனது, உப்பில் தண்ணீர் இறங்குகிற மாதிரிச் சத்தமில்லாமல் எல்லா வீட்டுக்குள்ளும் இறங்கியது. ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, கணக்குத் தீர்க்க நிறைய இருந்தது. ஒரு மாமியார் வந்து, செத்துப்போன தன் புருஷனின் படத்தில் தன் கண்ணை வைத்து மருமகள் அடுப்படியில் மாட்டித்தரச் சொன்னாள். மருமகள் பின்வாசலால் வந்து, அதே படத்தில் தன் அம்மாவின் கண்ணை வைக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தன் கண்ணை வகுப்பில் தொங்கவிட முடியுமா என்று விசாரித்தார். மகன் கப்பலில் இருக்கிற ஒருத்தி, அவன் கண்ணைத் தாத்தா படத்தில் வைத்தால் வீட்டையாவது பார்த்துக்கொள்வானே என்று அழுதாள். பிரிஸ்கா எல்லாருக்கும் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். தங்கள் வீட்டிலும் யார் கண்ணாவது ஏறிவிடுமோ என்று பயந்தவர்களும் அவளைத் திட்டினார்கள், கண் கிடைக்காதவர்களும் திட்டினார்கள். காலையில் வந்து பார்த்தால் ஸ்டூடியோ கண்ணாடியில் சாணி அப்பியிருக்கும்.

அப்புறம்தான் யாருக்கோ அது தோன்றியது. தோன்றிய மறுநிமிஷம் ஆம்பளைகள் எல்லாம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தாவீது அண்ணாச்சியைத் தேடி வந்தார்கள்.

“ஓய், ஊருல ஒரு வீடு பாக்கி இல்லாம ஒம்ம கண்ணு தொங்குது. பொம்பளைங்க சேல மாத்துத ரூமுல எங்க அய்யா படம் இருக்கு. என்னென்ன வே பாத்தீரு?”

“ஒண்ணும் பாக்கல, சத்தியமா!”

“பொய்!”

“எய்யா, நான் ஒட்டுன கண்ணு எங்கய்யா பாக்கும்! கோந்து தடவி ஒட்டுன மாதிரி ஒட்டிருக்கேன், ஒண்ணு மேல பாக்கு, ஒண்ணு கீழ பாக்கு. எந்தச் சவமாவது அத வச்சுப் பாக்குமா? என் வேலை அவ்வளவு மோசம்யா!”

சட்டைக் கையைப் பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவரவர் வீட்டுச் சுவரை நினைத்துப் பார்த்தபோது அது உண்மை என்று எல்லாருக்கும் தெரிந்தது. தன் வாயால் தன் தொழிலைக் கெடுத்து உயிர் தப்பிய தாவீது அண்ணாச்சி, அன்று முழுக்க பிரிஸ்காவிடம் பேசவில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது மட்டும், “நீயும் கொஞ்சம் மோசமாப் பண்ணிருக்கலாம்” என்றார்.

இதற்குள் ஐகோர்ட்துரை பாதியாகிவிட்டார். கண் குழிக்குள் போய்விட்டது, கயிறு அளந்தால் முழம் தப்பியது, நடந்துகொண்டே விழுந்தார். டவுன் டாக்டர் ஊசி போட்டார். உடம்பு மரத்துக் கிடந்தது, ஹால் மட்டும் அணையவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் ஆள் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐகோர்ட்துரை ஸ்டூடியோவுக்கு வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“என் கண்ணக் குடுட்டி.”

“பிரேம் போட்ட அந்தப் படத்தைக் கொண்டுவந்தா மாத்திருவேன் மாமா. மாவு பூசுனாப் போதும், வழவழன்னு ஆக்கிட்டா யாரும் நம்ப மாட்டாங்க, கண்ணும் செத்துரும். ஆனா படம் மைனிகிட்டல்லா இருக்கு. ஒரு வார்த்தை கேளுங்க.”

“அவகிட்டயா? நான் போயி அவ வாசல்ல நின்னு கேக்கணுமா? அதுக்கு இப்படியே செத்துருவேன்.”

அவர் கேட்கவில்லை என்று பிரிஸ்காவே போய்க் கேட்டாள். உச்சிமாகாளி விளக்குமாற்றை எடுத்தாள். “எம் புருஷன் இப்பதாண்டி கண்ணத் தொறந்திருக்காரு, அத மூட வந்தியா? அந்தக் கயித்துக்கடைக்காரனுக்குத் தூக்கம் வேணும்னா அவனையே வரச்சொல்லு. பாடைய எட்டிப் பாக்காத காலு, படியேறி வரட்டும்.”

வரவில்லை. வராததால் அவள் விதவிதமாக ஆரம்பித்தாள். ஒரு நாள் படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் உப்பளத்து மதிய வெயிலுக்கு நேரே சாய்த்து வைத்தாள். பஜாரில் அவர் கண்ணை மூடினாலும் கூச்சம், திறந்தாலும் கூச்சம், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் ஆட்டுக்கிடைக்கு எதிரே மாட்டினாள். அதற்கும் அசையவில்லை என்றதும், டவுனுக்குப் போய் ஓர் ஆள் உயரக் கண்ணாடி வாங்கிவந்து படத்துக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

அதன் பிறகு ஐகோர்ட்துரை எப்போது கண்ணை மூடினாலும் அண்ணன் அவரைப் பார்த்தார். அவருடைய கண்ணாலேயே பார்த்தார். கோபமில்லை, கேள்வியில்லை, வெறுமனே பார்த்தார். கிணற்றடியில் வாளி முட்டியபோது ஒரு தடவைகூட நேருக்கு நேர் பார்க்காத முகம், இப்போது ஒவ்வொரு இமைப்பிலும் வந்து நின்றது.

ஒரு மதியம், கடையில் சாக்கு குத்துகிற கம்பியைத் தூக்கிக்கொண்டு ஐகோர்ட்துரை தெருவில் இறங்கினார். ஊர் பின்னாலேயே போனது. தடுக்கவில்லை, பார்க்கப் போனது. அவர் அண்ணன் வீட்டுப் படியை மிதித்து, நடையைத் தாண்டி, ஹாலுக்குள் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். உச்சிமாகாளி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அடி” என்றாள். “உசுரோட இருந்தப்ப அடிக்க முடியல. இப்ப அடி.”

அவர் கம்பியை ஓங்கினார். ஓங்கி அடிக்கிறவன் யாராக இருந்தாலும் அடி விழுகிற நொடியில் கண்ணை மூடிவிடுவான், அவரும் மூடினார். மூடியதும், குழி விழுந்த கண்ணும் துருத்திய பல்லும் நரம்பு புடைத்த கழுத்துமாகக் கம்பியோடு ஒரு கிழவன் தன்னை அடிக்க வருவதைப் பார்த்தார். பயந்துபோய், “அய்யோ, அடிக்காத!” என்று கத்திவிட்டார்.

கம்பி கீழே விழுந்து உருண்டது. வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஐகோர்ட்துரை நின்ற இடத்திலேயே தரையில் சரிந்து படுத்தார்.

படுத்துக் கண்ணை மூடினார். மேலேயிருந்து பார்த்தார்: சிமெண்டுத் தரையில் ஒரு கிழவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மார்பு ஏறி இறங்கியது. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், தூங்குகிறான் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார்.

அவர் குறட்டை ஹாலை அறைந்தது. உச்சிமாகாளி வெங்காயக் கத்தியை வாசலில் நின்ற கூட்டத்துக்கு நேரே நீட்டினாள். “என்ன அவுத்துப் போட்டா ஆடுது இங்க? போங்க எல்லாரும்.”

அன்றைக்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. அந்தத் தரையைத் தவிர வேறெங்கும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. தான் தூங்குவதைத் தானே பார்த்தால்தான் தூக்கம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு வருவார். படத்தை இறக்கிக் கொண்டுபோய் மாவு பூசிவிடலாமே என்று பிரிஸ்கா ஒருமுறை சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் திட்டினார்கள், அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். மற்றபடி பகை அப்படியேதான் இருந்தது. கிணற்றுச் சுவரை யாரும் இடிக்கவில்லை. “வந்துட்டான் பொணம் விழ” என்று சொல்லித்தான் அவள் பாயைக் காலால் தள்ளிவிடுவாள். “இந்த வீட்டுல மனுசன் படுப்பானா, மூட்டைப்பூச்சி” என்று சொல்லித்தான் அவர் தலையைச் சாய்ப்பார். அவர் தூங்க, அவள் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு, தூங்குகிறவனுக்குக் கேட்காது என்ற கவலையில்லாமல் அவன் செய்ததையெல்லாம் ஆதியிலிருந்து சொல்லித் திட்டிக்கொண்டிருப்பாள்.

வருசங்கள் போயின. ஒரு காலையில் உச்சிமாகாளி படத்துக்குப் பூ வைக்கப் போனபோது, பலவேசத்தின் கண் மெல்லச் சுருங்குவதைப் பார்த்தாள். இமை இறங்கி இறங்கி, உப்பளத்து வெயிலில் நிற்கிற பழைய பலவேசமாக, இரண்டு கீறலாக ஆனது. அவள் பூவைக் கீழே வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் பஜாருக்கு நடந்தாள். கயிற்றுக்கடையில் சாக்குக் கட்டின் மேல் சாய்ந்தபடி ஐகோர்ட்துரை செத்திருந்தார். ஊருக்கு அப்புறம்தான் தெரிந்தது. அண்ணன் சாவுக்குக் கடையை மூடாத அவருக்காக அன்றைக்கு பஜாரில் எல்லாக் கடையும் மூடியது. அவள்தான் நடுரோட்டில் நின்று கத்தி மூடவைத்தாள்.

அவருக்குப் படம் மாட்ட வேறு ஆள் இல்லை. உச்சிமாகாளி ஸ்டூடியோவுக்கு வந்தாள். தாவீது அண்ணாச்சி ஓய்வெடுத்துவிட, கடை இப்போது பிரிஸ்காவினுடையதாக இருந்தது. கிழவி போனை நீட்டினாள். பிணத்தை யாரோ எடுத்த படம்.

“கண்ணு?” என்று கேட்டாள் பிரிஸ்கா. “லைசென்ஸ் படம் இன்னும் இருக்கு. அவரு கண்ணையே வைக்கலாம்.”

“வேண்டாம். மூடியே இருக்கட்டும். மத்தத மட்டும் பாரு.”

பிரிஸ்கா வேலை பார்த்தாள். மூக்கில் வைத்த பஞ்சை எடுத்தாள், தாடையில் கட்டிய துணியை எடுத்தாள், சாவு ஏற்றிய நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உதட்டுக்குச் சூடு கொண்டுவந்தாள், மயிர்க்கால் ஒவ்வொன்றையும் காப்பாற்றினாள். வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு திரையைக் கிழவியின் பக்கம் திருப்பினாள். உச்சிமாகாளி குனிந்து, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இது யாரு?”

“ஐகோர்ட்துரை மாமா.”

“இல்ல. இது யாரோ நல்லவன் மாதிரில்லா இருக்கான்.” திரையில் விரலை வைத்தாள், புருவத்துக்கு நடுவே. “இங்க ஒரு மடிப்பு உண்டு. தூக்கத்துலயும் போவாது. இந்தா, மூக்குக்கு இந்தப் பக்கம், இடது பக்கம், ஒரு சுளிப்பு. நான் திட்டத் திட்ட அது ஏறும், நிறுத்துனா இறங்கும். கேட்டுக்கிட்டுத்தான் படுத்துக் கெடந்திருக்கான், கள்ளன். கீழ் உதடு இப்படி நேரா நிக்காது, கோணும். செத்ததும் எல்லாம் நைசா வழிஞ்சிருச்சு. அதெல்லாம் திருப்பிக் கொண்டா.”

அவள் விரல் காட்டக் காட்ட பிரிஸ்கா மடிப்பைக் கொண்டுவந்தாள், சுளிப்பைக் கொண்டுவந்தாள், உதட்டைக் கோணவைத்தாள். செய்து முடித்ததும் வழக்கம்போலப் பாதியாகக் குறைக்கப் போனாள்.

“குறைக்காத” என்றாள் உச்சிமாகாளி. நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தாள்.

“ஆங்” என்றாள். “இவந்தான். வெளங்காத சவம். ரெண்டு படத்தையும் எதிரெதிரா மாட்டப் போறேன், பிரேம் போட்டுக் குடு.”